செம்மறி எவ்வளவு மேய்கிறது? அளப்பதும் இனத்தைத் தெரிவு செய்வதும்

எந்த இனத்துச் செம்மறி வாங்குவது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள். கொழும்பு புதுக்கடையில் கடை, சிலாபத்துக்கு அப்பால் நாலு ஏக்கர் தென்னங்காணி, அல்லது வடக்கில் பரம்பரைக் காணி என்று இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. காணியில் தினமும் நிற்க முடியாது. வாரக் கடைசியில் போய்ப் பார்க்கிறவருக்கு, நல்ல இனம் பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இருக்கும். அந்த நம்பிக்கையில் பிழையில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்: காணியில் எவ்வளவு புல் விளைகிறது, ஓர் ஆடு ஒரு நாளைக்கு எவ்வளவு மேய்கிறது. "இந்த இனம் குறையத் தின்னும், கெதியா வளரும்" என்று விற்கிறவர் சொன்னால், எதைவிடக் குறைவு என்று திருப்பிக் கேட்க உங்கள் கையில் ஓர் எண் இருக்க வேண்டும்.

கொட்டிலில் கட்டி வளர்க்கிற ஆட்டுக்கு இந்தக் கணக்கு இலகு. காலையில் போட்டதை நிறுத்து, மறுநாள் மிஞ்சியதைக் கழித்தால் போதும். மேய்ச்சலுக்குப் போகிற ஆட்டிடம் அது நடக்காது. அது எந்தப் புல்லைக் கடித்தது, எதை விட்டது, வேலியோரத்து இலையில் எவ்வளவு இழுத்தது என்பதை ஒருவரும் தட்டில் வைத்துக் காட்டப் போவதில்லை. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களும் இதை அளவிடுவது என்று சொல்லாமல் மதிப்பிடுவது என்று சொல்கிறார்கள். மதிப்பீடு என்பதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம். இரண்டு வழியில் செய்து இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போனால், பண்ணை நடத்த அது தாராளமாகப் போதும்.

நிறையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் வேண்டியது ஒரு நல்ல தொங்கு தராசு. 50 கிலோ வரை நிறுக்கக்கூடியதாக, 100 கிராம் வித்தியாசத்தையும் காட்டக்கூடியதாக இருந்தால் போதும். கொழும்பில் இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் இதைத் தேட அதிக நேரம் ஆகாது. ஆட்டை வயிற்றோடு தூக்கும்படி சாக்கிலோ கான்வஸிலோ ஒரு தொட்டில் தைத்துக்கொள்ளுங்கள். சிறிய புழுக்கைச் சாம்பிள்களுக்கு, கிராம் கணக்கில் காட்டும் ஒரு சமையலறைத் தராசும் வேண்டும்.

ஆட்டை எப்போதும் காலையில், பட்டி திறக்கும் முன்னர், வெறும் வயிற்றில் நிறுக்க வேண்டும். மாலையில் மேய்ந்து தண்ணீரும் குடித்து வந்த ஆட்டை நிறுத்தால் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். ஒரு மாதத்து வளர்ச்சி என்று நீங்கள் எண்ணுவது அந்த ஒரு நாள் வயிறாக இருக்கலாம்.

நிறை தெரிந்தால் முதல் மதிப்பீடு வந்துவிடும். வளர்ந்த செம்மறி ஒரு நாளில் தன் உடல் நிறையில் 2 முதல் 4 சதவீதம் வரை உலர் பொருளாகத் தின்னும். உலர் பொருள் என்பது புல்லிலுள்ள தண்ணீர் முழுவதையும் நீக்கியபின் மிஞ்சுவது. நம்முடைய பச்சைப் புல்லில் அது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, நாலிலொரு பங்குதான். மற்றதெல்லாம் தண்ணீர். 22 கிலோ மறி ஒன்று 3 சதவீதம் தின்றால் 660 கிராம் உலர் பொருள். 22 சதவீத உலர் பொருள் உள்ள பச்சைப் புல்லில் அது சரியாக 3 கிலோ. வைக்கோலிலோ 90 சதவீதம் உலர் பொருள் என்பதால் கணக்குக்கு முக்கால் கிலோ போதும். ஆனால் வைக்கோலை அவ்வளவு தின்ன ஆட்டால் முடியாது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த 2 முதல் 4 என்ற வரம்பு மிக அகலமானது. மந்தைக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று குத்துமதிப்பாகச் சொல்ல உதவும். இரண்டு இனங்களை ஒப்பிட உதவாது. அதற்குப் புழுக்கையிடம் போக வேண்டும்.

புழுக்கைக் கணக்கு

தின்றதில் சமிபாடடைந்தது உடம்பில் சேர்கிறது, மிச்சம் புழுக்கையாக வெளியே வருகிறது. ஆகவே ஒரு நாள் புழுக்கையின் உலர் நிறையும், தின்ற புல்லின் சமிபாட்டு வீதமும் தெரிந்தால், தின்ற அளவைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். நூறு பங்கு தின்று 58 பங்கு சமிபாடடைந்தால் 42 பங்கு வெளியே வரும். புழுக்கையின் உலர் நிறையை 0.42 ஆல் வகுத்தால் தின்ற அளவு கிடைக்கும். உலகம் முழுவதும் மேய்ச்சல் ஆடுகளின் தீனியைக் கணிக்கும் முறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வகுத்தலின் மேல்தான் நிற்கின்றன.

புழுக்கையைச் சேர்க்க ஆட்டின் பின்பக்கம் ஒரு பை கட்ட வேண்டும். கிடாயிலோ நலமடித்த கிடாயிலோ மட்டும் இதைச் செய்யுங்கள். மறியில் சிறுநீரும் அதே பைக்குள் விழுந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். கிடாயில் சிறுநீர் வயிற்றுக்குக் கீழே தனியாகப் போவதால் பை உலர்ந்திருக்கும். பைக்குத் தடித்த கான்வஸ் நல்லது. ஓரத்தில் காற்றுப் போக வலைத்துணி வைத்துத் தைக்கலாம். வாய் வாலடியில் நன்றாகப் பொருந்த வேண்டும். அடிப்பக்கம் திறந்து கொட்டுவதற்கு ஒட்டுப்பட்டி வையுங்கள். பையை இழுத்துப் பிடிக்க முதுகின் இருபுறமும் இரண்டு வார், நெஞ்சைச் சுற்றி ஒன்று, முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று. இந்தக் கடைசி வார்தான் தொல்லை தருவது. கக்கத்தில் உரசித் தோல் சிவக்கும், இரண்டு நாளில் புண்ணாகும். அந்த இடத்தில் வாருக்கு மேல் பழைய துவாயைச் சுற்றித் தையுங்கள். தினமும் விரலை விட்டுப் பாருங்கள்: இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். ஒவ்வொரு பையின் வெற்று நிறையையும் அழியாத மையால் பையிலேயே எழுதி வையுங்கள். கட்டிய முதல் நாலைந்து நாள் எதையும் அளக்க வேண்டாம். ஆடு பையை மறந்து வழமைபோல மேயத் தொடங்கியபின் அளக்கத் தொடங்கி, குறைந்தது 5 நாள், முடிந்தால் 7 நாள் தொடர்ந்து செய்யுங்கள்.

காலையில் பட்டி திறக்கும்போது ஒரு தரம், மாலையில் அடைக்கும்போது ஒரு தரம் பையைக் கொட்டி நிறுக்க வேண்டும். நிறுத்தபின் நன்றாகக் கலந்து, பத்திலொரு பங்கை மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்தில் இதை 60, 65 பாகை சூட்டில் இரண்டு நாள் உலர்த்துவார்கள். காணியில் தகரக் கூரைமேல் கறுப்புப் பொலித்தீன் விரித்து, மெல்லிதாகப் பரப்பிக் காயவிடலாம். அடுத்தடுத்த இரண்டு நாள் நிறை மாறாதிருந்தால் காய்ந்துவிட்டது. வறண்ட காலத்து உருண்டைப் புழுக்கையில் உலர் பொருள் 40 சதவீதம் அளவில் இருக்கும். மாரியில் இளம் புல் மேய்ந்து இளகலாகப் போகும்போது அதில் பாதிக்குக்கூட இறங்கும். ஆகவே ஈரத்தோடு நிறுத்த எண்ணை வைத்து ஒருபோதும் ஒப்பிடாதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 22 கிலோ கிடாய் ஒன்று நாளுக்கு 700 கிராம் ஈரப் புழுக்கை போடுகிறது, அதில் உலர் பொருள் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர் நிறை 280 கிராம். சமிபாட்டு வீதம் 58 என்றால் தின்றது 667 கிராம். இதே புழுக்கையை வைத்துக்கொண்டு சமிபாடு 52 என்று எடுத்தால் 583 கிராம்தான் வரும். 64 என்று எடுத்தால் 778 கிராம். புழுக்கையை எவ்வளவு கவனமாக நிறுத்தாலும், சமிபாட்டில் ஆறு புள்ளி பிசகினால் விடை 100 கிராம் அளவில் ஆடிவிடும். இந்த முறையின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. பலரும் பையில் காட்டும் கவனத்தைப் புல்லில் காட்டுவதில்லை.

புல்லை எப்படி எடுப்பது? அரிவாளால் அடியோடு அறுத்துக் கட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் அது காணியின் புல், ஆடு தின்ற புல் அல்ல. செம்மறியின் மேலுதடு நடுவில் பிளந்தது. அதனால் வாயை நிலத்தோடு ஒட்டிவைத்து, காய்ந்த தண்டை விலக்கிப் பச்சை இலையை மட்டும் எடுக்க அதற்குத் தெரியும். அது தெரிந்தெடுத்த புல்லின் சமிபாடு, நீங்கள் அறுத்த கட்டைவிட எப்போதும் உயர்ந்தே இருக்கும். ஆகவே ஆட்டுக்குப் பின்னால் நாலைந்து அடி தள்ளி நடந்து, அது எதைக் கடிக்கிறதோ அதே செடியில், அதே உயரத்தில், கையால் கிள்ளிச் சேருங்கள். காலை ஒரு மணிநேரம், மாலை ஒரு மணிநேரம், வேறுவேறு ஆடுகளுக்குப் பின்னால். வேலியோரக் கிளிரிசிடியாவிலோ பூவரசிலோ வாய்வைத்தால் அதையும் கிள்ளுங்கள். அந்தக் கலவையை உலர்த்தி, உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் கேட்டு, ஆய்வுக்கு அனுப்ப ஒழுங்கு செய்யலாம். கன்னொறுவையில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆய்வுக்கு வசதியில்லாவிட்டால் குத்துமதிப்பாக, இளங் கினிப்புல்லுக்கு 60 முதல் 65, பூத்து முற்றிய கினிப்புல்லுக்கு 50 முதல் 55, வைக்கோலுக்கு 40 முதல் 45 என்று எடுங்கள். எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பை கட்டாமலும் ஒரு வழி இருக்கிறது. சமிபாடடையாத ஒரு பொருளைத் தெரிந்த அளவில் தினமும் கொடுத்து, புழுக்கையில் அது எவ்வளவு ஐதாகிறது என்று பார்த்தால் மொத்தப் புழுக்கையைக் கணிக்கலாம். நெடுங்காலம் இதற்குக் குரோமியம் ஒட்சைட்டு என்ற பச்சைத் தூளைக் கூட்டுக்குள் அடைத்து நாளுக்கு இருதரம் விழுங்கவைத்தார்கள். 1986 இல் ஸ்கொட்லாந்தில் மேய்ஸ், லாம், கோல்குரோவ் ஆகிய மூவரும் இதைவிட நுட்பமான வழியொன்றை வெளியிட்டார்கள். புல் இலையின் மேலுள்ள மெழுகில் 31, 33 என ஒற்றைப்படைக் காபன் கொண்ட அல்கேன்கள் இயற்கையாகவே உண்டு. 32 காபன் உள்ளது மிகமிகக் குறைவு. அந்த 32 ஐ ஆட்டுக்குக் கொடுத்து, புழுக்கையில் 33 க்கும் 32 க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் வழியில் தொலைவதால் பிழை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகிறது. சமிபாட்டு வீதத்தைத் தனியாக ஊகிக்க வேண்டியதும் இல்லை. ஆய்வுகூட வேலை என்றாலும், இனங்களை ஒப்பிடும் ஆய்வறிக்கை கையில் கிடைத்தால் எந்த முறையில் அளந்தார்கள் என்று பார்க்க இது தெரிந்திருப்பது நல்லது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். புல்லிலுள்ள, அமிலத்தில் கரையாத சாம்பலை அடையாளப் பொருளாகக் கொள்ளும் மலிவான முறை ஒன்று உண்டு. கொட்டிலில் அது நன்றாக வேலை செய்யும். தீவகத்திலும் புத்தளத்து மணற்காணியிலும் அதை நம்பாதீர்கள். குட்டைப் புல்லோடு ஆடு மண்ணையும் நக்கி விழுங்கும். அந்த மணலும் அதே சாம்பலாகவே கணக்கில் ஏறும்.

புல்லையும் கடியையும் எண்ணுவது

புழுக்கைக் கணக்கைச் சரிபார்க்க, புல்லின் பக்கத்திலிருந்தும் ஒரு கணக்கு வேண்டும். அரை மீற்றருக்கு அரை மீற்றர் கம்பிச் சட்டம் ஒன்று செய்து, காணியில் இருபது இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்து, உள்ளே விழுந்த புல்லை ஆடு மேயும் உயரம் வரை வெட்டி நிறுங்கள். நல்ல புல்லாகப் பார்த்துச் சட்டத்தை வைக்க எல்லாருக்கும் கை போகும். அதை அடக்க வேண்டும். சராசரி 150 கிராம் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 600 கிராம், ஓர் ஏக்கருக்கு 2,400 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 22 சதவீத உலர் பொருள் என்றால் 530 கிலோ அளவு. அதில் பாதியைத்தான் மேயவிடலாம். மறுபாதி புல் மறுபடி தளிர்க்கவும், மிதிபட்டும் அழுக்காகியும் போவதற்கும். 667 கிராம் தின்னும் பத்து மறிக்கு அந்த ஏக்கர் 40 நாள் வரும். நாற்பதாம் நாள் ஆடுகள் வேலிக்கு அப்பால் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றால் உங்கள் இரண்டு கணக்கும் சரி. இருபதாம் நாளே தரை மொட்டையானால் ஏதோ ஒன்று பிழை. அனேகமாகப் பக்கத்துக் காணி மாடுகள் உள்ளே வந்திருக்கும்.

இன்னொரு வழி கடியை எண்ணுவது. மேய்கிற நேரத்தை, நிமிடத்துக்கு எத்தனை கடி என்பதாலும், ஒரு கடியில் எத்தனை மில்லிகிராம் என்பதாலும் பெருக்கினால் தின்ற அளவு. 9 மணிநேரம் மேய்ந்து, நிமிடத்துக்கு 40 கடி, கடிக்கு 35 மில்லிகிராம் என்றால் 756 கிராம். இந்த மூன்றில் கடியின் அளவைத் துல்லியமாகப் பிடிப்பது கடினம் என்பதால் மொத்தக் கணக்கில் இதை நம்பி இருக்க வேண்டாம். ஆனால் இந்த முறை வேறெந்த முறையும் சொல்லாத ஒன்றைச் சொல்லும். 1970 இல் அவுஸ்திரேலியாவில் ஓல்டனும் விட்டேக்கரும் செம்மறிகளில் காட்டியது இது: புல் குட்டையாகும்போது ஒவ்வொரு கடியிலும் கிடைப்பது குறைகிறது. ஆடு வேகமாகக் கடித்தும் நீண்ட நேரம் மேய்ந்தும் அதை ஈடுகட்டப் பார்க்கிறது. ஓரளவுக்குத்தான் முடிகிறது.

நம் ஊரில் அந்த ஈடுகட்டலுக்கும் நாம்தான் தடை போடுகிறோம். கட்டாக்காலி நாய்க்கும் கள்ளனுக்கும் பயந்து காலை ஒன்பது, பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு அடைக்கிறோம். நடுப்பகல் வெயிலில் இரண்டு மணிநேரம் ஆடு நிழலில் படுக்கிறது. மிச்சம் ஐந்து, ஆறு மணிநேரம். அந்த நேரத்துக்குள் குட்டைப் புல்லில் எந்த இனமும் வயிறு நிரப்ப முடியாது. புது இனத்துக்குப் பணம் போடுமுன் வேலியைக் கட்டி, விடிய ஆறு மணிக்குப் பட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டு மணிநேரம் கூடுதலாக மேய்வது பல சமயம் இனம் மாற்றுவதைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

இனத்துக்கு இனம் என்ன வித்தியாசம்

இப்போது முதற் கேள்விக்கு வரலாம். இலங்கைக்கே உரிய நாட்டுச் செம்மறி என்று சொல்லத்தக்கது யாழ்ப்பாணச் செம்மறிதான். சிறிய உடம்பு. வளர்ந்த மறி 20 முதல் 25 கிலோ அளவில் இருக்கும். கம்பளி இல்லை, குட்டை மயிர், சூட்டைத் தாங்கும். தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய வாழ்க்கை வாழ்வது மேச்சேரி இனம். சேலம், ஈரோடு, கரூர் பக்கத்து இளம்பழுப்பு நிறச் செம்மறி அது. பொட்டனேரியில் அதற்கென்றே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. காங்கேயத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக நிற்கும் நிலத்தில் இது பழகியது. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்து வேம்பூர் ஆடு அதைவிட உயரமும் நிறையும் கூடியது. தென்னாபிரிக்காவின் டோர்ப்பர் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. டோர்செற் ஹோர்னையும் கறுந்தலைப் பாரசீகச் செம்மறியையும் கலந்து உருவாக்கிய இறைச்சி இனம் அது.

நம் 22 கிலோ கிடாய்க்குப் பக்கத்தில் 40 கிலோ கலப்பினக் கிடாய் ஒன்றை அதே பையோடு நிறுத்தி, அது நாளுக்கு 1,024 கிராம் தின்கிறது என்று விடை வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் ஒருவர் "இது ஒன்றரை மடங்கு தின்னுது, கட்டுப்படியாகாது" என்பார். இன்னொருவர் "என் ஆடு நிறையில் 3 சதவீதம் தின்னுது, இது இரண்டரைதான், இது சிக்கனம்" என்பார். இருவரும் ஒரே எண்ணைத்தான் வேறுவேறாகப் படிக்கிறார்கள்.

நியாயமான ஒப்பீட்டுக்கு அனுசேப நிறை வேண்டும். உடம்பின் சக்தித் தேவை நிறையோடு நேராகக் கூடாமல், நிறையின் முக்கால் அடுக்கோடு கூடுகிறது. கையடக்கத் தொலைபேசியிலேயே இதைப் போடலாம்: நிறைக்கு இருமுறை வர்க்கமூலம் எடுங்கள், வந்த எண்ணால் நிறையை வகுங்கள். 22 க்கு 10.16 வரும், 40 க்கு 15.9. 667 ஐ 10.16 ஆல் வகுத்தால் 66 கிராம். 1,024 ஐ 15.9 ஆல் வகுத்தால் 64 கிராம். இரண்டு ஆட்டுக்கும் பசி ஏறத்தாழ ஒன்றுதான், உடம்புதான் வேறு. இனங்களுக்குள் சொல்லப்படும் தீனி வித்தியாசங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வகுத்தலிலேயே கரைந்துவிடும். கரையாமல் மிஞ்சுவதுதான் இனத்தின் குணம்.

கணக்கு பெரிய ஆட்டின் பக்கமும் பேசும் என்பதை மறைக்கக் கூடாது. பத்துச் சிறிய ஆடு தின்னும் புல்லில் ஆறரைப் பெரிய ஆடு வாழும். பத்துச் சிறியதின் மொத்த நிறை 220 கிலோ, ஆறரைப் பெரியதன் நிறை 260 கிலோ. கோ-3 தீனிப்புல் முழங்கால் உயரம் நிற்கும் தோட்டத்திலோ, நல்ல மழைபெய்யும் தென்னங்காணியிலோ பெரிய உடம்பு இலாபம்தான். ஆனால் சிறியதில் பத்து மறி, பெரியதில் ஆறு மறி. வருமானம் குட்டியில் வருகிறது. பத்து மறி போடும் குட்டியின் மொத்த நிறையை ஆறு மறி போடும் குட்டியோடு வைத்துப் பார்க்காமல் முடிவு எடுக்கக்கூடாது.

புல் குட்டையாகும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. இதன் காரணத்தை 1987 இல் இல்லியஸ், கோர்டன் என்ற இருவர் விளக்கினார்கள். உடம்பு பெரிதாகும் வேகத்தில் வெட்டுப்பல் வரிசையின் அகலம் பெரிதாவதில்லை. பசி கூடுகிறது, வாய் அந்த அளவுக்கு அகலவில்லை. குட்டைப் புல்லில் கடியின் அளவை வாயின் அகலமே தீர்மானிப்பதால், பெரிய ஆடு தன் தேவைக்குப் போதுமானதை எடுக்க முடியாமல் மெலிகிறது. சிறிய ஆடு அதே தரையில் நின்றுபிடிக்கிறது. யூலை, ஓகஸ்டில் வலிகாமத்துத் தோட்ட வெளிகளில் ஒட்டியிருக்கும் அறுகம்புல்லில் யாழ்ப்பாணச் செம்மறி உயிர்வாழ்வதற்குத் தனியான அதிசயம் எதுவும் வேண்டியதில்லை. அந்த உடம்பும் அந்த வாயும் அந்தத் தரைக்கு ஏற்றவை.

மிஞ்சும் குணங்களில் புல்லைத் தெரிந்தெடுக்கும் விதம் ஒன்று. தென்னாபிரிக்காவில் மெரினோவோடு சேர்த்துக் கவனித்தபோது டோர்ப்பர் அவ்வளவு பொறுக்கித் தின்னாமல், கலந்து மேய்வதாகவும், குறைய நடப்பதாகவும் கண்டார்கள். பல வகைப் பூண்டும் பற்றையும் உள்ள காணியில் இது நல்ல குணம். இன்னொன்று சூடு. கம்பளி கூடிய இனங்கள் நீலகிரியின் சாந்தினல்லாவிலும் கொடைக்கானலுக்கு மேல் மன்னவனூரிலும் பிழைப்பது அங்குள்ள குளிரால். அவற்றைப் புத்தளத்துக்குக் கொண்டுவந்தால் நாளில் பாதியை நிழலில் மூச்சிரைத்தே கழிக்கும். மேயும் நேரம் குறைந்தால் தீனியும் குறையும். அளந்தவர் அதை "குறையத் தின்னும் இனம்" என்று எழுதிவிடவும் கூடும்.

இனம் போலத் தோன்றி இனமல்லாதவையும் உண்டு. குடற்புழு அவற்றில் முதலாவது. இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு கூடினால் ஆடு சாப்பாட்டைக் குறைக்கும். அளக்கத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன் எல்லா ஆட்டுக்கும் கீழ் இமையைத் திருப்பிப் பார்த்து, வெளிறியிருந்தால் வைத்தியரிடம் கேட்டுப் பூச்சிமருந்து கொடுங்கள். பால்கொடுக்கும் மறி, கொடுக்காத மறியைவிட மூன்றிலொரு பங்கு, இரட்டைக் குட்டி என்றால் பாதியளவும் கூடுதலாகத் தின்னும். பல் விழுந்த கிழட்டு மறி எந்த இனமானாலும் குறைவாகத்தான் தின்னும். ஆகவே ஒப்பிடுவதென்றால் ஒரே வயதில், ஒரே தரையில், ஒரே வாரத்தில், இனத்துக்கு ஆறு ஆடாவது வையுங்கள். ஒரே இனத்துக்குள்ளேயே ஆட்டுக்கு ஆடு பத்திலொரு பங்கும் அதற்கு மேலும் வித்தியாசப்படும். இரண்டு கிடாயை வைத்து இனத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

என் தெரிவைக் கேட்டால்: வடக்கிலும் புத்தளத்து வறண்ட பகுதியிலும் மறி யாழ்ப்பாணச் செம்மறியாகவே இருக்கட்டும். கூடுதல் நிறை வேண்டுமென்றால் கொஞ்சம் பெரிய கிடாயைச் சேர்த்து, பிறக்கும் கலப்புக் கிடாய்க் குட்டிகளை விற்பனைக்கு வளருங்கள். முதல் ஈற்று மறிக்கு மட்டும் பெரிய கிடாயை விடாதீர்கள், குட்டி ஈனுவதில் தொல்லை வரும். நல்ல மழையும் நீர்ப்பாசனப் புல்லும் உள்ளவர்கள் பெரிய இனத்தைத் தாராளமாக முயலலாம்.

வறண்ட மாதங்கள்

வைக்கோலை ஏன் போதியளவு தின்ன முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் வயிற்றிலுள்ள நுண்ணங்கிகள்தான் நாரை உடைக்கின்றன. அவற்றுக்குப் புரதம் வேண்டும். தீனியின் உலர் பொருளில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவற்றின் வேலை மந்தமாகி, நார் வயிற்றிலேயே கிடக்கும். இடமில்லாததால் ஆடு தின்பதை நிறுத்தும். முற்றிக் காய்ந்த புல்லும் வைக்கோலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். இந்நேரத்தில் ஆட்டுக்கு முன்னால் இன்னும் வைக்கோலைக் குவிப்பதில் பயனில்லை. ஒருபிடி புரதம் வேண்டும். கிளிரிசிடியா இலையின் உலர் பொருளில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. வேலிக்கு வேலி நட்டிருக்கும் மரம், செலவில்லை. வெட்டிய உடன் போட்டால் வாசனைக்குச் சில ஆடுகள் மூஞ்சையைத் திருப்பும். அரைநாள் வாடவிட்டுப் போடுங்கள், ஆட்டுக்கு ஒரு கிலோ பச்சை இலை அளவில். இலை தின்பதால் வைக்கோல் தின்பது குறையாது, கூடும். பையைக் கட்டி அளந்தால் இதை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

வருடத்தில் இரண்டு முறை அளந்தால் போதும்: மாரி மழை முடிந்து புல் நிறைந்திருக்கும் ஜனவரி, பெப்ரவரியில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று. ஜனவரி எண் உங்கள் ஆடு தின்ன விரும்புவதைச் சொல்லும், ஓகஸ்ட் எண் உங்கள் காணி கொடுக்கக்கூடியதைச் சொல்லும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமானால் அடுத்த வருடம் மே மாதத்துக்குள் தலையைக் குறைக்க வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னுக்கு வருவதால், இந்தச் சில வருடங்களுக்கு அது வறட்சி தொடங்கும் தறுவாயிலேயே விழுகிறது. ஒரு வயது நிறைந்த, ஊனமில்லாத கிடாய்களுக்கு அப்போது கொழும்பில் கேள்வி உண்டு. முதலில் அவற்றை விடுங்கள். அடுத்து பல் விழுந்த மறிகள், அதன்பின் இரண்டு பருவமாகச் சினைப்படாதவை. குட்டியோடு நிற்கும் இளம் மறியைக் கடைசி வரை விற்க வேண்டாம், என்ன விலை சொன்னாலும்.